நரம்பு வலிக்கு எந்த ரகக் கஞ்சா? மகன் கேட்ட கேள்வியும், நெதர்லாந்து ஆய்வு சொல்லும் பதிலும்!

இந்த வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்வி, திருச்சியிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் அனுப்பியது.

``போன வருஷம் எனக்கு அக்கி வந்தது. கொப்புளம் ஆறி ஏழு மாசமாச்சு, வலி மட்டும் போகலை. முந்தானை பட்டாலே நெருப்பு வெச்ச மாதிரி இருக்கு. என் பையன் நெதர்லாந்துல வேலை பார்க்கிறான். `அம்மா, டாக்டர் சீட்டு இருந்தா இங்கே மருந்துக்கடையிலேயே கஞ்சா தர்றாங்க. வலிக்கு இண்டிகா நல்லதா, சட்டைவாவான்னு பார்த்துட்டு அனுப்பி வைக்கிறேன்'னு சொல்றான். வாங்கலாமா? எந்த ரகம் நல்லது?''

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: வேண்டாம். இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) கஞ்சாப் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. அங்குள்ள மருத்துவர் எழுதிய சீட்டு, நம் ஊர் சுங்கத்துறைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. 1 கிலோவுக்கும் குறைவான `சிறிய அளவு' என்றாலும் ஓராண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. பார்சலில் அனுப்பினாலும் பெட்டியில் எடுத்து வந்தாலும், சிக்குவது அம்மாவும் பிள்ளையும்தான்.

இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யமானது. கஞ்சா சட்டப்படி மருந்தாகக் கிடைக்கும் நாடுகளில், வலிக்கு எப்படி ரகம் தேர்வு செய்கிறார்கள்?

பெயரை நம்பலாமா?

`இண்டிகா என்றால் தூக்கம், வலி நிவாரணம். சட்டைவா என்றால் சுறுசுறுப்பு' என்பது கடைக்காரர்கள் சொல்லும் பாலபாடம். 1785-ல் லாமார்க் என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர், இந்தியாவிலிருந்து வந்த செடிக்கு வைத்த பெயர்தான் இண்டிகா. செடி எங்கிருந்து வந்தது, பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கான பெயர் அது. வலியைப் போக்குமா என்று சோதித்து வைத்த பெயர் அல்ல.

அதன் பிறகு இரண்டையும் கலப்பினம் செய்து ஆயிரக்கணக்கில் ரகங்கள் வந்துவிட்டன. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் இந்தப் பெயர்களை மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இண்டிகா, சட்டைவா என்ற முத்திரைக்கும் செடியின் ஒட்டுமொத்த மரபணுவுக்கும் பெரிதாகப் பொருத்தம் இல்லை. சில வாசனைப் பொருள்களில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர்கள் ரகத்தின் பெயரை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். ஒன்று டி.ஹெச்.சி, போதை தருவதும், வலி உணர்வைக் குறைப்பதாகக் கருதப்படுவதும் இதுதான். மற்றொன்று சி.பி.டி, இதில் போதை இல்லை.

டப்பாவில் எண் எழுதும் நாடு

நெதர்லாந்தில் 2003 முதல் அரசு அமைப்பின் மேற்பார்வையில் மருந்தகங்களில் கஞ்சா கிடைக்கிறது. அங்கே புகழ்பெற்ற காபி ஷாப் கஞ்சா வேறு, இது வேறு. மருந்தகத்து டப்பாவில் எந்தச் சத்து எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். `பெட்ரோகான்' என்ற ரகத்தில் டி.ஹெச்.சி சுமார் 22 சதவிகிதம். `பெடியோல்' ரகத்தில் டி.ஹெச்.சி 6.3, சி.பி.டி 8 சதவிகிதம். `பெட்ரோலைட்'டில் சி.பி.டி மட்டும் 9 சதவிகிதம், டி.ஹெச்.சி 1 சதவிகிதத்துக்கும் கீழே.

இந்த மூன்றையும் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேருக்கு நேர் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட உடல்வலி உள்ள 20 பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று ரகங்களும், சத்து நீக்கப்பட்ட ஒரு `போலி'யும், வெவ்வேறு நாள்களில் ஆவியாகக் கொடுக்கப்பட்டன.

முடிவு? அவர்களுக்கு வழக்கமாக இருக்கும் வலியைக் குறைப்பதில், சராசரியாகப் பார்த்தால் எந்த ரகமும் போலியை ஜெயிக்கவில்லை. பெடியோல் எடுத்தவர்களில் 90 சதவிகிதம் பேருக்கு வலி 30 சதவிகிதம் குறைந்தது உண்மைதான். ஆனால், போலியை எடுத்தவர்களிலேயே 55 சதவிகிதம் பேருக்கு அதே அளவு குறைந்திருந்தது! டி.ஹெச்.சி இருந்த ரகங்கள், அழுத்தினால் வரும் வலியைத் தாங்கும் திறனைக் கூட்டின. சி.பி.டி மட்டும் உள்ள ரகம் அதைச் செய்யவில்லை. ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுதான் இது. ஆனாலும், `இந்த ரகம் வலிக்கு ராஜா' என்று விற்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

நரம்பு வலிக்கு?

நம் வாசகிக்கு இருப்பது நரம்பு வலி. அதற்கான 16 ஆய்வுகளை, மொத்தம் 1,750 நோயாளிகளை, காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்துப் பார்த்தது. வலி பாதியாகக் குறைந்தவர்கள், கஞ்சா மருந்து எடுத்தவர்களில் 21 சதவிகிதம். போலி மருந்து எடுத்தவர்களில் 17 சதவிகிதம். வித்தியாசம் நான்கே பேர், அதுவும் நூற்றுக்கு! பக்கவிளைவு தாங்காமல் பாதியில் நிறுத்தியவர்களோ 10-க்கு 5 என்ற கணக்கில் இரு மடங்கு.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நாள்பட்ட வலிக்கு இதை ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று 2019-ல் சொல்லிவிட்டது. 2021-ல் பி.எம்.ஜே இதழில் வந்த நிபுணர் குழுவின் பரிந்துரை சற்று இளகியது: வழக்கமான சிகிச்சை போதாதவர்களுக்கு, மூச்சுவழி உள்ளிழுக்காத வடிவத்தில் முயன்று பார்க்கலாம். அதையும் `பலவீனமான பரிந்துரை' என்றே குறிப்பிட்டார்கள்.

உங்கள் பிள்ளை அங்கே மருத்துவரிடம் போனால்...

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வசிப்பவர்களுக்கு இது உதவும்.

* ரகத்தின் பெயரைக் கேட்காதீர்கள், டி.ஹெச்.சி, சி.பி.டி அளவைக் கேளுங்கள்.
* மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகத்தான் கூட்ட வேண்டும்.
* வாய்வழி எடுத்தால் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். `ஒன்றும் ஆகலையே' என்று இரண்டாவது முறை எடுத்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.
* எடுத்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது.
* இதய நோய், மனச்சிதைவு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மீண்டும் திருச்சிக்கு

வாசகியிடம் ஒரு கேள்வி கேட்டேன்: ``இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள்?''

``ப்ரீகாபலின் கொடுத்தாங்க. தலைசுத்தலும் தூக்கமுமா இருந்துச்சு. பத்தே நாள்ல நானே நிறுத்திட்டேன்'' என்றார்.

அம்மா, நீங்கள் பயந்து ஓடிய அதே தலைசுற்றலும் தூக்கமும்தான் டி.ஹெச்.சி-யின் பொதுவான பக்கவிளைவுகள். இந்த மாத்திரையில் அளவைக் குறைக்கலாம், இரவு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம், மாற்றியும் கொடுக்கலாம். அக்கிக்குப் பிறகு வரும் வலிக்கு கபாபென்டின், அமிட்ரிப்டிலின், வலிக்கும் இடத்தில் ஒட்டும் லிடோகெய்ன் பட்டை என்று வழிகள் இன்னும் இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளில் வலிக்கென்றே தனி மருத்துவர்கள் இருக்கிறார்கள். `நிறுத்திவிட்டேன், இதனால் நிறுத்தினேன்' என்று அவர்களிடம் சொன்னால்தான் அடுத்த வழி திறக்கும்.

வீட்டில் 50 வயதைத் தாண்டிய மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்கிக்குத் தடுப்பூசி இந்தியாவிலும் கிடைக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

வாசகி வரும் திங்கள்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறார். மகனிடம், ``பார்சல் வேண்டாம்ப்பா, அன்னிக்கு போன்ல லைன்ல இரு. நான் மறந்ததை நீ டாக்டர்கிட்ட சொல்லு'' என்று சொல்லிவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறதா? எழுதுங்கள்; அடுத்த வாரம் பேசுவோம்.