அம்மாவோட நாட்களை யார் எண்றது?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டிருந்த விஷயம். ஊர்ல அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கேன்சர் ட்ரீட்மென்ட் ஓடிக்கிட்டிருக்கும். நாம இங்கிருந்து ஃபோன்ல, "பெரிய ஆஸ்பத்திரியா பாருங்க, பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிடுவோம். பணக் கணக்கு சரி, நாள் கணக்கை யார் பார்க்கிறதுங்கிறதுதான் என் கேள்வி.

எங்க ஊர் நல்லேப்பிள்ளி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. ரோட்டுல மலையாள போர்டு, வீட்டுக்குள்ள தமிழ். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவிடுச்சு. இந்த நிலையில 'ட்ரீட்மென்ட் முடிஞ்சுது'ன்னு ஒரு நாள் வராது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுற மாதிரி, மருந்தோடயே வாழணும். மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. அதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட். எலும்புக்குத் தனி ஊசி. மூணு மாசத்துக்கு ஒருக்கா இதயத்துக்கு எக்கோ. நடுவுல ஸ்கேன். அந்த ரிப்போர்ட்டை வாங்க ஒரு நாள், அதை டாக்டர்கிட்ட காட்ட இன்னொரு நாள்.

தமிழ்ல பேசுற டாக்டர் வேணும்னு அம்மா கோயமுத்தூருக்குப் போறாங்க. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். வலி எங்க, எப்படின்னு தாய்மொழியில சொல்ற வசதிக்கு ஈடே இல்ல. ஆனா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம்னு பஸ் பிடிச்சுப் போய், டோக்கன் எடுத்து, பில் கட்டி, மருந்து வாங்கி, ஊசி ஏத்தி, வீடு திரும்பும்போது விளக்கு வெச்சிருப்பாங்க. மறுநாள் பூரா படுக்கை. ஊசி ஏறின நேரம் கொஞ்சம்தான், போனது ரெண்டு நாள். கூடப் போற அப்பாவுக்கும் அதே ரெண்டு நாள். போன கொங்கன் படை அன்னிக்கு சித்தூரே திரண்டு நிக்க, அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க.

இந்த இழப்புக்கு ஒரு பேரே இருக்கு. அமெரிக்கா, கனடா டாக்டர்கள் மூணு பேர் 2022ல எழுதின கட்டுரையில 'டைம் டாக்ஸிசிட்டி'ன்னு சொன்னாங்க. மருந்துக்குப் பக்க விளைவு இருக்கிற மாதிரி, ஆஸ்பத்திரிக்கு அலையுற நேரமும் ஒரு பக்க விளைவு, அதையும் கணக்குல சேர்க்கணும்ங்கிறாங்க. கொஞ்ச காலம்தான் கூடுதலா கிடைக்கும்ங்கிற நிலையில, அதுல பாதி வரிசையில நிக்கிறதுலயே போனா என்ன லாபம்?

இதுல நாம செய்யக்கூடியது இருக்கு. ஆஸ்பத்திரி மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விகளைக் கேளுங்க.

ஒண்ணு: "இவ்வளவு அடிக்கடி வரணுமா?" எலும்புக்குப் போடுற ஜொலெட்ரோனிக் ஆசிட் ஊசியை நாலு வாரத்துக்கு ஒருக்கா போடுறது வழக்கமா இருந்துச்சு. 1,822 பேரை வெச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2017ல வந்தது. 12 வாரத்துக்கு ஒருக்கா போட்டாலும் எலும்பு முறிவு மாதிரியான தொந்தரவுகள் கூடலைன்னு தெரிஞ்சது. வருஷத்துக்கு 13 தடவை போறது நாலஞ்சா குறையும். அப்பா கேட்டார், அம்மாவோட டாக்டர் மாத்திக் கொடுத்தார். கேட்காம இருந்திருந்தா பழையபடியேதான் போயிட்டிருக்கும்.

ரெண்டு: "இதைப் பக்கத்துல செஞ்சுக்கலாமா?" கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணுக்கள் குறையும். போதுமான அளவு ஏறலைன்னா அடுத்த ஊசி போடாம திருப்பி அனுப்பிடுவாங்க. ரத்த டெஸ்ட்டை முந்தின நாளே உள்ளூர் லேப்ல எடுத்து வாட்ஸப்ல அனுப்பிக் கேட்டுக்கிட்டா வெட்டிப் பயணம் மிச்சம்.

மூணு: "ஊசியையே நம்ம மாவட்டத்துல போட முடியுமா?" திருவனந்தபுரத்துல 1981ல தொடங்கின ஆர்.சி.சி.க்கு பாலக்காட்டுல இருந்து ராத்திரி முழுக்க ரயில். சான்றிதழ் காட்டினா நோயாளிக்கு ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் டிக்கெட் இலவசம். காசு மிச்சம், நாள் மிச்சமாகுமா? 2020 லாக்டவுன்ல ஆர்.சி.சி. நோயாளிகளுக்குத் தொடர் சிகிச்சையை அந்தந்த மாவட்ட ஆஸ்பத்திரிகள்லயே கொடுக்க கேரளா ஏற்பாடு பண்ணுச்சு. ஆக, மனசு வெச்சா முடியுது.

நாலு: பாலியேட்டிவ். இந்த வார்த்தையைச் சொன்னாலே "ஐயோ, கைவிட்டுட்டாங்களா"ன்னு சொந்தக்காரங்க அழ ஆரம்பிச்சிடுறாங்க. வலியையும் வாந்தியையும் தூக்கமின்மையையும் கவனிக்கிற வைத்தியம் அது. மருந்து ஓடும்போதே சேர்த்து எடுத்துக்கலாம். 2010ல வந்த அமெரிக்க ஆய்வுல, முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரங்கள்ல ஆரம்பத்துலயே இதையும் சேர்த்தவங்க கூடுதலா ரெண்டரை மாசத்துக்கு மேல வாழ்ந்தாங்க. கேரளா 2008லயே இதுக்குக் கொள்கை வகுத்த முதல் மாநிலம். பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க. பேரைப் பதியாம விடுறது நாமதான்.

ஒரு எச்சரிக்கை. அலைச்சலைக் குறைக்கணும்னு டாக்டரைக் கேட்காம எதையும் தள்ளிப் போடாதீங்க. முக்கியமா, கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அன்னிக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

மஸ்கட்ல இருந்து நான் பஸ்ல கூடப் போக முடியாது. ஆனா காலண்டரை நான் பார்க்கலாம். ஸ்கேனையும் எக்கோவையும் டாக்டரைப் பார்க்கிறதையும் ஒரே நாள்ல சேர்த்துக் கொடுங்கன்னு ஃபோன் போட்டுக் கெஞ்சலாம். அடுத்த தடவை ஊருக்குப் பேசும்போது "டாக்டர் என்ன சொன்னார்?"னு கேட்கிறதோட இதையும் கேளுங்க: "இந்த மாசம் எத்தனை நாள் நிம்மதியா வீட்டுல இருந்தீங்க?"