புலி பசித்தால் தயிர்சாதம்?

தமிழ்நாட்டில் பூனைகளுக்குத் தயிர்சாதம் என்பது எழுதப்படாத அரசாங்க உத்தரவு. மிச்சமான சோறு, அதன் தலையில் கொஞ்சம் தயிரோ பாலோ, கருணை உள்ளவர்கள் வீட்டில் ஒரு கருவாட்டுத் தலை. பூனையும் நக்கிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் போய்ப் படுத்துவிடும். 'எங்க வீட்டுப் பூனை சுத்த சைவம் ஸார்!' என்று பெருமைப்படுகிற குடும்பங்கள் ஊருக்கு நாலு உண்டு.

ஸாரி. அந்தப் பூனை சைவமே இல்லை. தயிர்சாதம் அதற்கு சாயங்கால டிபன். சாப்பாட்டை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பரணில், வைக்கோல்போரில், பக்கத்து வீட்டு நெல்மூட்டை இடுக்கில் முடித்துக்கொள்ளும். எலி, பல்லி, வெட்டுக்கிளி... மெனு பெரிசு! அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸில் மரியாதைக்கு ரெண்டு வாய் தின்றுவிட்டு, புரோட்டா கடைக்கு நழுவுகிற ஆபீஸ் இளைஞனின் அதே டெக்னிக்.

இந்த ஏற்பாடு எப்போது கெட்டது? நாம் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டு, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, பூனையையும் உள்ளே வைத்துப் பூட்டியபோது. எலி போயிற்று. தயிர்சாதம் மட்டும் பாக்கி.

*

சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் விசைத்தறி வைத்திருக்கிறார். கஞ்சி போட்ட பாவு என்றால் எலிக்கு அல்வா மாதிரி. அதனால் அவர் தறிக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூனை உத்தியோகம் உண்டு. அதில் ஒரு குட்டியை மட்டும் மதினி செல்லமாக மாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். தெருநாய் கடித்துவிடும் என்று கீழே இறங்க விடுவதில்லை. வேளா வேளைக்குப் பால்சோறு, தயிர்சோறு. மூன்று வருஷம் ராஜபோகம்.

ஒரு நாள் அண்ணாச்சி வருத்தமாகச் சொன்னார். "தம்பி, ராத்திரியானா இது கட்டில் கால்ல போய் முட்டுது. பல்லியப் பாத்துத் தாவுனா ரெண்டடி தள்ளி விழுது. ரெண்டு படி ஏறுனா இரைக்குது. யாரும் கண்ணு வச்சிட்டாங்களோ?"

கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கண்ணில் டார்ச் அடித்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், பிறகு, "என்ன சாப்பாடு?" என்றார்.

"தயிர்சோறுதான் டாக்டர். மீனை மோந்துகூடப் பாக்காது!" என்றார் மதினி, பெருமையாக.

"அண்ணாச்சி, இது புலி ஜாதி. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதுன்னு நம்ம பாட்டன் சொன்னது வெறும் பெருமைக்கு இல்ல. தின்னா அதுக்கு ஒட்டாதுன்னும் அர்த்தம்."

விஷயம் இதுதான். டாரின் என்று ஒரு சத்து. கண்ணின் விழித்திரைக்கும் இதயத்துக்கும் அத்தியாவசியம். நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பெரும்பாலான நாய்களின் உடம்பும் அப்படியே. பூனையின் உடம்பு தயாரிப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மீதியை மாமிசத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சோற்றில் அது சுத்தமாகக் கிடையாது. பாலில் இருப்பது போதாது. டாரின் இல்லாவிட்டால் பூனைக்கு விழித்திரை கெடும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1975-ல் கண்டார்கள். இதயம் ஊதிப்போய் பலவீனமாகும் என்பதை 1987-ல் கலிஃபோர்னியாவில் பால் பையன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் நிரூபித்தார்கள். அதுவரை டப்பாவில் அடைத்து விற்ற பூனை உணவு சிலவற்றிலேயே டாரின் போதாமல் இருந்தது. பிறகுதான் கம்பெனிகள் முழித்துக்கொண்டு அளவைக் கூட்டின.

'சிப்பிப்பாறை நாய் அந்தக் காலத்தில் கம்மங்கூழைக் குடித்துவிட்டே முயல் விரட்டியதே?' என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் நாய் மனுஷனோடு சேர்ந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்ட பிராணி. அதற்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-ல் சுவீடன் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பூனை நம் வீட்டுக்கு வந்தது சோற்றுக்காக அல்ல. சோற்றைத் தின்ன வந்த எலிக்காக. இனிப்பு என்கிற ருசியே அதன் நாக்குக்குத் தெரியாது என்பது 2005-ல் வெளியான கண்டுபிடிப்பு. திருநெல்வேலி அல்வாவை முன்னால் வைத்தால் நெய்யை மட்டும் நக்கும்.

*

அண்ணாச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மறுநாள் காலையில் கறிக்கடையில் நின்றார். பிரியாணிக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வருகிற ஊர் எங்கள் ஊர். கறிக்கு என்ன மரியாதை இருக்கும் பாருங்கள்.

"தொடைக்கறியில எலும்பில்லாம கால் கிலோ போடுங்க பாய்."

"வீட்ல விசேஷமா அண்ணாச்சி?"

"பூனைக்கு."

பாயின் கத்தி அப்படியே நின்றது.

பச்சைக் கறிதான், வேக வைப்பதெல்லாம் கிடையாது என்று தீர்மானம். 'காட்டுல எவன் குக்கர் வச்சிருக்கான்?' என்பது அண்ணாச்சியின் வாதம்.

இந்த வாதம் உலகம் பூராவும் நடக்கிறது. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நாய்க்கு பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து, வெளிநாட்டுப் பிராணிகள் பாக்கெட்டுக்கு மாறின. 1993-ல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், நாய்க்குப் பச்சை எலும்பும் கறியும் போடுங்கள் என்று புத்தகமே எழுதினார். அங்கே ஃபெரட் என்று ஒரு பிராணி வளர்க்கிறார்கள். நம் கீரிப்பிள்ளையை இழுத்து நீட்டின மாதிரி இருக்கும். (நம் ஊரில் அந்த ஆசையில் நிஜக் கீரிப்பிள்ளையைப் பிடித்து வளர்க்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) அதன் குடல் ரொம்பக் குட்டை, தின்றது மூன்று, நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவுப் பண்டத்தை வைத்து அது என்ன செய்யும்? அதனால் அங்கேயும் பாக்கெட் கட்சி, பச்சைக் கறிக் கட்சி என்று இரண்டு கோஷ்டி.

ரெண்டு வாரம் கழித்து விஷயத்தைக் கேள்விப்பட்ட டாக்டர் தலையில் கை வைத்தார். "அண்ணாச்சி, பூனை என்ன தொடைக்கறி மட்டுமா எலியில தின்னும்?"

பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. வெறும் சதையில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு. உடம்புக்கு வேண்டியது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. கணக்கு இடிக்கிறதா? இடித்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். அன்றாடச் செலவுக்கு மூலதனத்தை எடுத்துத் தின்கிற கம்பெனி மாதிரி! மாதக்கணக்கில் போனால் எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்தாலே முறியும். சரி, ஈரல் நல்லதாச்சே என்று தினமும் ஈரலாகப் போட்டால் வைட்டமின் ஏ மிதமிஞ்சி, கழுத்தெலும்பு இறுகிவிடும்.

ஆனால் எலியைப் பாருங்கள். சதை, எலும்பு, துளி ஈரல், டாரின் நிறைந்த இதயம்... எல்லாம் சரியான விகிதத்தில் ஒரே பாக்கெட்டில்! பால்சோறும் எலி இல்லை, எலும்பில்லாத தொடைக்கறியும் எலி இல்லை.

பச்சையாகப் போடுவதில் இன்னொரு வில்லங்கம், கிருமி. சால்மோனெல்லா பூனைக்கு மட்டுமல்ல, கறியை அரிந்த கைக்கும் வரும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் செத்தன. தீனியாகப் போட்ட கோழிக்கறி மேல்தான் சந்தேகம் விழுந்தது. அதே மாதம் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், பச்சை வான்கோழிக்கறி உணவைத் தின்ற ஒரு வீட்டுப் பூனை அதே காய்ச்சலில் போனது.

டாக்டரின் தீர்ப்பு: கோழிக்கறியும் கோழி இதயமும், அளவாக ஈரலும். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேக வைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். டாரின் வெந்த தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் சாற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். வெந்த எலும்பு குடலைக் குத்தும், கூடவே கூடாது. பதிலுக்குக் கால்சியம் பவுடர், டாரின் மருந்து. அளவு அவர் சொல்கிறபடி. இதெல்லாம் முடியாதவர்கள் 'முழுமையான உணவு' என்று அச்சடித்த பூனை உணவையே வாங்கலாம்.

"தயிர்சோத்துலேயே வளந்த நாக்கு. கறியச் சமைச்சு வச்சாத் திங்காதே?" என்றார் மதினி.

"ரெண்டு நாள் பட்டினி போட்டா தன்னால திங்கும்" என்றார் அண்ணாச்சி.

டாக்டர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அந்த வேலையே வேண்டாம். நாயைப் போடலாம், பூனையைப் போடக்கூடாது. ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா கொழுப்பு ஈரல்ல அடைச்சு உயிருக்கே ஆபத்து!"

ஆகவே முதல் நாள் தயிர்சோற்றில் ஒரு ஸ்பூன் கறிச்சாறு. மூன்றாம் நாள் ரெண்டு ஸ்பூன் கறி. இப்படிச் சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டி முழுசாக மாற்ற ஒரு மாதம் ஆயிற்று.

அடுத்து ஆடித்தபசு வந்தது. அந்த வீட்டில் அடுப்பங்கரைக்குக் கறி வராத நாட்கள். சங்கரன் பெரியவரா, நாராயணர் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற நாகராஜாக்கள் சண்டை போட, இரண்டும் ஒன்றேதான் என்று கோமதி அம்மன் தவமிருந்து காட்டின ஊர் இது. மதினி யோசித்தார். தறிக்கூடத்துப் பின்பக்கம் தனி ஸ்டவ், தனிச் சட்டி. மேலே விரதம், கீழே கோழி. ஒரே கூரைதான்.

பூனைக்கு இப்போது இரைப்பு இல்லை, இதயம் தேறிவிட்டது. கண்தான் திரும்பவில்லை. விழித்திரையில் போனது போனதுதான். அதற்காக மதினி அந்த வீட்டில் ஒரு ஸ்டூலைக்கூட இடம் மாற்றிப் போடுவதில்லை.

இனி யாராவது உங்களிடம் 'எங்க பூனை சுத்த சைவம் ஸார்' என்று சொன்னால், சண்டைக்குப் போகாதீர்கள். "உங்க வீட்டு ஜன்னல் திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.