கஞ்சி வைத்துக் கொடுக்க யார்?

"கூட யாரு இருக்காங்க?"

ஆபரேஷனுக்குப் போகும் தொழிலாளியிடம் ஆஸ்பத்திரி கேட்கும் முதல் கேள்வி இது. வீட்டுக்கு அனுப்பும்போது கேட்கும் கடைசிக் கேள்வியும் இதுதான். "யாருமில்லை" என்றால்? அதற்குப் பதில் ஆஸ்பத்திரியிடமும் இல்லை, சர்க்காரிடமும் இல்லை.

எண்ணூரில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை தூக்கும் தோழர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி இறந்துவிட்டார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இவருக்குத் திருவொற்றியூரில் மாடியில் ஒற்றை அறை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமல்ல. எங்கும் இதே கதைதான். துணையாள் என்று நான் கையெழுத்துப் போட்டேன். "என்ன உறவு?" என்றார் நர்ஸம்மா. "தோழர்" என்றேன். "அண்ணன்னு எழுதிக்கிறேன்" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஒரு வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாய்த் தாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சீட்டுக் கொடுத்தார்கள். "ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது." நல்ல யோசனை! குழாய் கீழே, அறை மேலே. தண்ணீர்க் குடம் பளு இல்லையா? பக்கத்து வீட்டு அம்மா இரண்டு நாள் ரசம் சோறு கொடுத்தார். அதற்கு மேல் அவர் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். நாலாம் நாள் தோழரே குடத்தைத் தூக்கினார். தையல் பிரிந்தது, சீழ் வைத்தது, மறுபடியும் அதே வார்டு. டாக்டரின் கத்தி தோற்கவில்லை. அதற்குப் பின் வந்த நாலு நாள்தான் தோற்றது.

"சொந்தபந்தம் எதற்கு இருக்கிறது?" என்று உபதேசம் செய்யும் கனவான்கள் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: குடும்பத்தைப் பிரித்தது யார்? துறைமுகமும் ஆலைகளும் ஆள் கேட்டன. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ஒற்றை ஆளாய் வேலைக்கு வா என்றவர்கள், படுத்தால் மட்டும் குடும்பத்தோடு படு என்கிறார்கள்! சரி, குடும்பம் என்றால் யார்? மகளோ மருமகளோ, தன் கூலியை இழந்து வந்து உட்காரும் ஒரு பெண்தானே! காசு உள்ளவன் ஏஜென்சியில் ஆள் வைத்துக்கொள்வான். கூலிக்காரன் எதை விற்று வைப்பான்?

சட்டம் இல்லாமல் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டப்படி பதிவான தொழிலாளி நோயில் படுத்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. ஆனால் ஒப்பந்தக்காரர் பெயரையே பதியவில்லை என்றால்? நம் தோழருக்குக் கிடைத்தது சைபர்.

வீடு தேடிப் போக முடியாது என்றும் சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோனது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களையும் போய்ப் பார்த்தது. தையல் போட்டவன் வீட்டுக்கு மட்டும் ஏன் வழி தெரியவில்லை? முதலாளித்துவ இங்கிலாந்திலேயே, தேவைப்படுவோருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் ஆறு வாரம் வரை இலவச வீட்டு உதவிக்கு ஏற்பாடு இருக்கிறது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ராயபுரத்துப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782இல் பஞ்ச காலத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பெயர் அது. கஞ்சி இல்லாமல் மருந்து மட்டும் வேலை செய்யாது என்று அன்றே தெரிந்திருந்தது. இன்று மருந்து இருக்கிறது, கஞ்சியைக் காணோம்.

நம் கோரிக்கைகள் இவை. ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே, தனியாள் யார் என்று பதிவு செய்ய வேண்டும். அவர்களைத் தையல் பிரிக்கும் வரை வைத்துக்கொள்ளத் தனி வார்டு வேண்டும். அதன் பின் நகர்ப்புற சுகாதார நிலைய நர்ஸ் வீட்டுக்கு வந்து காயத்தைப் பார்க்க வேண்டும். சமையலுக்கும் தண்ணீருக்கும் நியாயமான கூலியில் ஆள் போட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும்.

நம்மையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். ஊர்வலத்துக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு தோழருக்குக் குடம் தூக்க ஆறு வாரத்துக்கு முறை போடத் தெரியவில்லையே! நானும் கையெழுத்துப் போட்டதோடு கமிட்டிக் கூட்டத்துக்கு ஓடியவன்தான். இனி ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு நோட்டு இருக்கட்டும்: யார் தனியாள், ஆபரேஷன் என்றைக்கு, சாவி யாரிடம், சோறு யார் பொறுப்பு, கட்டு மாற்ற யார் கூட்டிப் போவது. காய்ச்சலோ, சீழோ, கெண்டைக்காலில் வீக்கமோ கண்டால் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

இது சர்க்காரின் கடமைக்கு மாற்று அல்ல. அந்தக் கடமையைக் கேட்டு வாங்கும் வரை நம் ஆளை உயிரோடு வைத்திருக்கும் வேலை!