உப்புக்குத் தெரியுது ஈரம்

ஈசிஆர்ல போறவங்க மரக்காணம் உப்பளத்தைப் போட்டோ எடுக்குறதோட சரி. இந்த உப்பங்காத்துல ஒரு பொருளைக் காயவச்சு, மூட்டை கட்டி, நாலு மாசம் பூக்காம வச்சிருக்கறது என்ன பாடுன்னு இங்க இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

மல்லாட்டை (அதாங்க, வேர்க்கடலை), வத்தலாப் போட்ட மரவள்ளி, மஞ்சள்னு மண்ணுக்குள்ள விளையறது பலதுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஈரத்தோட மூட்டை கட்டினா ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்னு ஒரு பச்சைப் பூசணம் பிடிக்கும். அது கக்குற விஷம்தான் அஃப்ளாடாக்சின். 1960-ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழிக்கு மேல செத்தப்பதான் உலகம் இதைக் கண்டுக்கிச்சு. காரணம், பிரேசில்லேருந்து போன கடலைப் புண்ணாக்கு. 1974-ல ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்கள்ல பூத்த மக்காச்சோளம் தின்னு நூறு பேருக்கு மேல செத்தாங்க. வறுத்தாலும் அவிச்சாலும் முழுசாப் போகாது. கொஞ்சங்கொஞ்சமா உள்ள போனா ஈரல்ல புற்றுநோய்.

வீட்டுல பூத்த கொட்டையைப் பொறுக்கிடறோம், நல்லது. பொறுக்கினது எங்க போகுது? செக்குக்கு, இல்லாட்டி மாட்டுக்கு. எனக்குக் கோபம் வர்றது இங்கதான். செக்குல ஆட்டினா விஷம் கொஞ்சம் எண்ணெய்ல, பெரும்பங்கு புண்ணாக்குல. அதை மாடு தின்னா பால்ல வேற உருவத்துல வந்துடும். 2018-ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச்சு. உயிருக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12. அஃப்ளாடாக்சின் அளவு மீறினது 368! அதுல தமிழ்நாடுதான் முதலிடம், 551-க்கு 88. நாம என்னடான்னா தண்ணி ஊத்தினதுக்குப் பால்காரரோட மல்லுக்கு நிக்கிறோம்.

விவசாயியைத் திட்டிப் பிரயோசனமில்ல. காயவச்சா எடை குறையுது, காசும் குறையுது. நல்லாக் காஞ்சதுக்குத் தனி விலை தராத வரைக்கும் எவன் ரெண்டு நாள் கூடக் காயவைப்பான்?

இதுல ஒரு வேடிக்கை. காத்துல ஈரம் 75 சதவீதம் தாண்டினா உப்பு கசிய ஆரம்பிச்சுடும். ஆப்பிரிக்காவுல மக்காச்சோளத்தைக் காஞ்ச உப்போட கண்ணாடிப் பாட்டில்ல போட்டுக் குலுக்குவாங்க. உப்பு கண்ணாடியில ஒட்டினா இன்னும் காயணும்னு அர்த்தம். காசில்லாத ஈரமானி! எண்ணெய் அதிகமுள்ள மல்லாட்டைக்குக் கணக்கு வேற, ஈரம் 8 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் தாங்கும். டிஎம்வி ரகங்களைக் கொடுத்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலதானே இருக்கு (டிஎம்வின்னாலே திண்டிவனம்தான்). அவங்க இந்த உப்பு வித்தையை மல்லாட்டைக்கு அளந்து பார்த்து, களத்துக்குக் கொண்டுவந்தா என்னவாம்? உப்புக்கா இங்க பஞ்சம்? :-)

அதுவரைக்கும் எங்க வீட்டுல பூத்த கொட்டை குழிக்குத்தான் போகுது. மாடு வச்சிருக்கற பக்கத்து வீட்டு அக்கா, "இவ்ளோ பொருளை மண்ணுல கொட்டுறீங்களே"ன்னு திட்றாங்க. திட்டட்டும், அவங்க வீட்டுப் பாலைத்தான் நாங்களும் வாங்குறோம்.