உடற் சீரமைப்பும் ஊரார் பழிச்சொல்லும்

பெருத்த உடல் மெலிந்த பின்னரோ, பிள்ளைப்பேற்றின் பின்னரோ தளர்ந்து தொங்கும் தோலைச் சத்திரசிகிச்சையால் அகற்றிக்கொள்ள ஒருவர் விரும்புகிறார் என்று கேள்வியுற்றதும், நம்மவருட் பலர் இரண்டே சொற்களில் வழக்கை முடித்துவிடுகின்றனர். ஒன்று வீண் அலங்காரம், மற்றது பணத்திமிர். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு தளராமல் வேறென்ன செய்யும் என்பர் மூத்தோர். உடம்பு மெலிந்ததே பெரும் பேறு, அதற்கு மேலும் ஆசை எதற்கு என்பர் அயலார். தீர்ப்பு எளிதானதுதான், ஆனால் நீதியானதன்று.

மறுபுறத்திலே, இச்சிகிச்சையைச் சேலை வாங்குவது போன்ற எளிய காரியமாகக் காட்டி, முன்னும் பின்னும் எடுத்த படங்களாலும் தவணைக் கட்டணங்களாலும் ஆள் சேர்க்கும் வாணிகமும் உலகெங்கும் வளர்ந்துள்ளது. பழிப்போரும் விற்போரும் பகைவர்போலத் தோன்றினும், இரு திறத்தாரும் செய்வது ஒரே தவறு என்பது என் கருத்து. அந்த உடம்புக்குள் வாழ்பவர் இன்று எதை அனுபவிக்கிறார், நாளை எதை ஏற்கப்போகிறார் என்பதை இருவருமே கேட்பதில்லை.

முதலில் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். தோல் விரியும்; விரிந்தது ஓரளவு மீண்டும் சுருங்கும். இவ்வாற்றலை அதற்கு அளிப்பவை கொலாஜன், இலாஸ்ரின் என்னும் நார்கள். பல்லாண்டுப் பருமனால் இந்நார்கள் சிதைந்துவிட்டால், உள்ளிருந்த கொழுப்புக் கரைந்த பின்பும் தோல் பழைய அளவுக்கு மீளாது. நாற்பது ஐம்பது கிலோகிராம் எடை குறைந்த ஒருவரின் அடிவயிற்றில் அது மடிந்து தொங்கும். சிலருக்குத் தொடைவரைக்கும் இறங்கும். மடிப்புக்குள் வியர்வை தேங்கும், பூஞ்சணம் பற்றும், தோல் வெந்து புண்ணாகும். நம்முடையதைப் போன்ற வெப்ப நாட்டிலே இது எத்தகைய தொல்லை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தேகப்பயிற்சி தசையை உரமாக்கும்; மிகுந்த தோலை அது குறைக்காது. விளம்பரங்கள் புகழும் களிம்புகளும் இத்தோலை அகற்றவல்லன அல்ல. ஆகவே, 'இன்னும் சற்று முயன்றால் சரியாகிவிடும்' என்று இவர்களுக்குக் கூறுவது, கால் ஒடிந்தவனை ஓடிப் பழகச் சொல்வதை ஒக்கும்.

பிள்ளைப்பேற்றின் பின் நிகழ்வது இதனினும் வேறானது. வயிற்றின் முன்புறத்தே மேலிருந்து கீழாக இரு தசைகள் உள்ளன. அவற்றை நடுவே ஒரு நார்ப்பட்டை இணைத்து நிற்கிறது. கரு வளர வளர அப்பட்டை மெலிந்து அகலும்; தசைகள் ஒன்றையொன்று விட்டு விலகும். மகவு பிறந்த பின் பெரும்பாலான தாய்மாருக்குச் சில மாதங்களில் இவ்விலகல் பெரிதும் குறைந்துவிடும். முறையான உடற்பயிற்சியும் பலருக்கு உதவும். ஆயின் சிலருக்கு இடைவெளி நிலைத்துவிடுகிறது. எழுந்திருக்கும்போது வயிற்றின் நடுவே கூம்பு போலப் புடைக்கிறது. பாரந் தூக்குவது கடினமாகிறது. சிலருக்குத் தொப்புளின் வழியே குடலிறக்கமும் உண்டாகிறது. இவளைப் பார்த்து 'அலங்காரப் பித்துடையாள்' என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

நம் பாட்டிமார் இவ்வகையில் நம்மினும் அறிவுடையோராய் இருந்தனர். பிள்ளை பெற்றவளை வேது நீரிலே குளிப்பாட்டி, சரக்கரைத்த பத்தியக் கறி கொடுத்து, பழஞ் சேலைத் துணியால் வயிற்றை இறுகக் கட்டிவிட்டனர். அக்கட்டினால் தோல் சுருங்கியதா என்பது வேறு கேள்வி. பேறுகாலம் உடம்பை மாற்றிவிடுகிறது, அதனைப் பேணி மீட்டெடுக்கும் கடமை வீட்டாருக்கு உண்டு என்பதை அவர்கள் ஐயமின்றி ஏற்றிருந்தனர். துணிக்கட்டை யாரும் அலங்காரம் என்று இகழவில்லை. அதே நோக்கத்துக்காக ஒருத்தி வைத்தியரிடம் போகும்போது மட்டும் அது இகழ்ச்சிக்குரியதாகிவிடுமா?

தோலகற்றும் இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1899 இலேயே அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் ஹவார்ட் கெலி என்னும் பெண்ணோய் வைத்தியர், பாரமாகத் தொங்கிய வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அறுத்தகற்றியதை எழுதி வைத்துள்ளார். எனினும் இத்துறையின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காண விரும்புவோர் பிறேசில் நாட்டை நோக்குதல் தகும்.

அங்கே ஈவோ பித்தாங்கி என்றொரு சத்திரவைத்தியர் இருந்தார். 1961 டிசெம்பர் 17 ஆம் நாள் றியோ டி ஜனெய்ரோவுக்கு எதிர்க்கரையிலுள்ள நித்தெறோய் நகரில் சர்க்கஸ் கூடாரம் ஒன்று தீப்பற்றியது. 500 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சையளிக்க முன்னின்றோருள் பித்தாங்கியும் ஒருவர். பின்னாளில் செல்வரும் புகழ்பெற்றோரும் அவரை நாடிச் சென்றனர். ஆயினும் றியோவின் சந்தா காசா என்னும் தரும வைத்தியசாலையிலே ஏழைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றையும் அவர் பல்லாண்டுகள் நடத்தினார். 1967 இல், 300 பேருக்கு வயிற்றுத் தோலகற்றிய அனுபவத்தை ஆராய்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. தம் உடம்பைக் குறித்து வருந்தும் உரிமை செல்வருக்கு மட்டும் உரியதன்று என்பது 2016 இல் காலமான அப்பெரியாரின் கொள்கை. அதற்கு மறுப்பும் எழுந்தது. கட்டணமின்றி வரும் ஏழையின் உடம்பிலேதான் இளம் வைத்தியர்கள் கைபழகுகின்றனர் என்பதை மானிடவியல் அறிஞர் சிலர் சுட்டிக்காட்டினர். அம்மறுப்பையும் நாம் ஒதுக்கிவிடலாகாது.

அந்நாட்டின் உயர் நீதிமன்றங்களுள் ஒன்று 2023 செப்டெம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கியது. இரைப்பைச் சத்திரசிகிச்சையால் மெலிந்த ஒருவருக்கு, உடம்பின் குறையைச் சீராக்கும் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை வேண்டுமென அவருடைய வைத்தியர் குறித்தால், சுகாதாரக் காப்புறுதி நிறுவனங்கள் அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அது கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது: இச்சிகிச்சை, பருமன் நோய்க்கான சிகிச்சையிலிருந்தே விளைந்த அதன் ஒரு பகுதி. ஆழ்ந்து நோக்கின் இதுவே நேரான வழி. புண்ணை ஆற்றிவிட்டுத் தையலைப் பிரிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார் உளரோ? பருமனைக் குறைக்கச் சொன்ன வைத்தியம், அக்குறைப்பின் விளைவைக் கண்டு முகந்திருப்பிக்கொள்வது முறையன்று.

இதுவரை பழிப்போருக்குச் சொன்னேன். இனி விற்போருக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு.

இத்துறையில் ஒரே சிகிச்சை என்பது இல்லை. தொங்கும் மடிப்பை மட்டும் அறுத்தகற்றுவது ஒன்று. ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை அடிவயிற்றிற் கீறி, தோலை மேலே விலா எலும்புவரை பிரித்துயர்த்தி, விலகிய தசைகளை நடுவே தைத்து, மிகுந்த தோலை அகற்றித் தொப்புளைப் புதிய வாயிலில் அமைப்பது வேறொன்று. மிகப் பெருமளவு மெலிந்தோர் சிலருக்கு நெடுக்காகவும் ஒரு கீறல் வேண்டும். வேறு சிலருக்கு அரைஞாண் போல உடம்பைச் சுற்றிவர அறுக்க நேரும். கைகளுக்கு அக்குளிலிருந்து முழங்கைவரையும், தொடைகளுக்கு உட்புறத்திலும் கீறுவர். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன் இவற்றுள் எதற்கும் ஈடாகாது. அது கொழுப்புக்கு உரியது. தளர்ந்த தோலின் கீழுள்ள கொழுப்பை மட்டும் உறிஞ்சினால் தோல் இன்னும் தளர்ந்து தோன்றவும் கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. தளர்ந்த தோலைக் கொடுத்து நீண்ட தழும்பை வாங்கும் பண்டமாற்றே இச்சிகிச்சை. தழும்பு காலப்போக்கில் மங்கும், மறைந்துவிடாது. சிலருக்குத் தடித்தும் எழும். இந்தப் பண்டமாற்று ஒருவருக்கு இலாபமாகலாம், மற்றொருவருக்கு நட்டமாகலாம். படத்தைக் காட்டுபவர் தழும்பையும் காட்ட வேண்டும்.

தழும்பு மட்டுமா விலை? தோலின் கீழ் நீர் கட்டும், குருதி தேங்கும், காயத்தின் ஓரம் இரத்தவோட்டமின்றிக் கருகும், தொற்று உண்டாகும். கால் நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலைச் சென்றடைத்தால் உயிருக்கே கேடு. 1920களில் பாரிசிலே பெயர்பெற்ற வைத்தியர் ஒருவர், கால்கள் மெலிய வேண்டுமென்று விரும்பிய இளம்பெண் ஒருத்தியின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். கால் அழுகிற்று, அதனை வெட்டியகற்ற நேர்ந்தது, நீதிமன்றம் அவ்வைத்தியரை நட்டஈடு செலுத்தச் செய்தது. 1970களில் றோமிலும் பாரிசிலும் உறிஞ்சுகுழாய் முறை உருவானபின் கொழுப்பகற்றல் எவ்வளவோ பாதுகாப்பானது உண்மையே. ஆயினும் அறுவை அறுவைதான். ஒரே நாளில் மார்பு, வயிறு, தொடை அனைத்தையும் ‘தாய்மாருக்கான பொதி’ என்று கட்டி விற்பவர், மயக்கத்திற் கிடக்கும் நேரத்தையும் குருதியிழப்பையும் சேர்த்தே கூட்டுகிறார். கட்டங் கட்டமாகச் செய்வதிற் பணம் மிகலாம், உயிர் மலிவானதன்று.

தக்க வைத்தியர் சில நிபந்தனைகளை விதிப்பார். குறைந்த எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்றிருக்க வேண்டும். இரைப்பைச் சிகிச்சை பெற்றவராயின் ஒன்று ஒன்றரை ஆண்டு கழிதல் நன்று. புரதமும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பிற் காயம் எளிதில் ஆறாது. அவை முன்னரே சீராக்கப்பட வேண்டும். புகைப்பவர் முன்னும் பின்னும் சில வாரங்களேனும் அதனை அறவே விட வேண்டும். இன்னும் பிள்ளை பெற விரும்புபவள் காத்திருத்தல் நன்று. அடுத்த கருப்பம் தைத்த தசையை மீண்டும் விலக்கக்கூடும். 2021 இல் செமாகுளுரைட் என்னும் ஊசிமருந்து அமெரிக்காவிற் பருமனுக்காக அனுமதிக்கப்பட்ட பின், விரைவாக மெலிவோர் தொகை பெருகியுள்ளது. அம்மருந்தை நிறுத்தியவர் பலருக்கு எடை மீளுகிறது. ஆதலால் எடை நிலைக்கும்வரை பொறுத்தல் அவர்களுக்கு இன்னும் அவசியம். இவை ஒன்றையும் கேளாமல் நாள் குறித்துக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

மற்றொரு கேள்வியை வைத்தியரும் கேட்பதில்லை, வீட்டாரும் கேட்பதில்லை. வயிற்றுத் தசையைத் தைத்துக்கொண்டவள் முதற் சில நாட்கள் கூனியே நடப்பாள். நான்கு முதல் ஆறு வாரங்கள் பாரந் தூக்கலாகாது. அந்த வாரங்களில் அழும் குழந்தையைத் தூக்குவது யார்? கிணற்று வாளியை இழுப்பது யார்? அடுப்படியில் நிற்பது யார்? மனைவியின் வயிறு தட்டையாக வேண்டும் என்று விரும்பும் கணவன், ஆறு வாரம் பானை தூக்கவும் ஆயத்தமாக இருக்கிறானா? ஆயத்தமில்லையெனின் அவன் விருப்பத்துக்கு இங்கே இடமில்லை. கணவன் சொன்னதற்காகச் சிகிச்சை செய்துகொள்வதும், மாமியார் நகைப்பாள் என்பதற்காக வேண்டிய சிகிச்சையைக் கைவிடுவதும் ஒரே அடிமைத்தனத்தின் இரு முகங்கள். உடம்பு அவளுடையது; வலி அவளுடையது; தீர்மானமும் அவளுடையதாகவே இருக்கட்டும். மெலிந்த ஆண்மக்களுக்கும் இது பொருந்தும். சட்டைக்குள் மடிப்பை ஒளித்து வெட்கத்தால் வைத்தியரிடமும் வாய் திறவாதோர் அவர்களுள்ளும் உளர்.

வேண்டாம் என்று தீர்மானிப்பவரும் குறைந்தவரல்லர். தளர்ந்த வயிற்றோடு நிறைவாக வாழ்வோர் கோடிக்கணக்கானோர். அவர்களுக்கு இல்லாத குறையை உண்டாக்கி விற்பது, குறையுள்ளவரை இகழ்வதைப் போன்றே கொடியது.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. புண்ணும் தொற்றும் தசை விலகலும் உள்ளவருக்கு இச்சிகிச்சையை நோய் தீர்க்கும் வைத்தியமாகவே கருதி, பணமில்லாதவருக்கும் கிட்டச் செய்தல் பொது வைத்தியத்தின் கடமை. அழகு ஒன்றையே நாடி வருபவருக்குத் தழும்பையும் ஆபத்தையும் செலவையும் மறைக்காது உரைத்து, யோசிக்க நாள் கொடுத்தல் வைத்தியரின் கடமை. இருவரையும் பற்றி வாய் மூடியிருத்தல் நம் போன்ற அயலாரின் கடமை. மூன்றனுள் கடைசியானதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம், இன்றே தொடங்கலாம்.