எங்கள் பக்கத்துக் குற்றக் கணக்கு

மயிலாப்பூரில் இருக்கும் என் சித்தி மகள் போனில் பேசும்போதெல்லாம் மறக்காமல் சொல்வது, “எட்டு மணிக்கு மேல வெளியில சுத்தாதடி.” நான் திருவொற்றியூரில் பிறந்தவள். அப்பா விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜார்ஜ் டவுன் கோர்ட்டிலும் திருவொற்றியூர் கோர்ட்டிலும் கிரிமினல் வழக்கு நடத்திப் பிழைக்கிறேன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் 2018இல் ‘வட சென்னை’ படம் வந்த பிறகு அறிவுரை கூடித்தான் போயிற்று.

கத்தி பயம் பொய் என்று நான் வாதாட வரவில்லை. 2024 ஜூலை 5ஆம் தேதி சாயங்காலம், ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில், பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். ஒரு தேசியக் கட்சியின் தலைவருக்கே இந்தக் கதி என்றால், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அம்மாவுக்கு யார் துணை? மாமூல் கேட்பவனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும் பெட்டிக்கடைக்காரர்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையன்கள் கையில் மாவா பொட்டலமும் வலி மாத்திரையும் புழங்குவதும் தெரியும்.

அந்தக் கொலைக்குப் பிறகு மூன்றே நாளில் சென்னை காவல் ஆணையர் மாற்றப்பட்டார். புதிதாக வந்த அருண், ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பேசுவோம் என்றார். ஜூலை நடுவில் மாதவரம் பக்கம் ஒருவர், செப்டம்பரில் வியாசர்பாடியில் ஒருவர், அதே மாதம் நீலாங்கரையில் ஒருவர் என மூன்று பேர் போலீஸ் துப்பாக்கியில் செத்தார்கள். டீக்கடையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. விசாரணைக் கைதி செத்துப்போனால் அவனோடு சேர்ந்து அவன் சொல்லியிருக்கக்கூடிய பெயர்களும் போகும். பணம் கொடுத்தவன் யார், இடத்துக்காகச் செய்தானா, ஸ்கிராப் ஏலத்துக்காகச் செய்தானா என்பதெல்லாம் கோர்ட்டுக்கு வராமலே போய்விடும்.

நான் சொல்ல வந்தது என்கவுன்டரைப் பற்றியும் இல்லை. அதற்குப் பல வருடம் முன்னால் தொடங்கும் ஒரு பதிவேட்டைப் பற்றி.

பையனுக்குப் பத்தொன்பது வயது. கானா கச்சேரியில் தள்ளுமுள்ளு, ஒருவனுக்கு மண்டை உடைகிறது. முதல் வழக்கு. அடுத்த ஆண்டு இன்னொரு அடிதடி. அதற்கப்புறம் காவல் நிலையத்தில் அவன் பெயரில் ஒரு ஏடு திறக்கப்படும். ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகை பிரித்து ஒன்றில் உட்கார வைப்பார்கள். பிள்ளையார் ஊர்வலம், தேர்தல், பெரிய தலைவர் வருகை என்று எது வந்தாலும் அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். பிறகு நன்னடத்தைப் பிணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 129. எழுதிக் கொடுத்ததை மீறினான் என்றால் மீதிக் காலம் உள்ளே.

இந்தப் பிணையை எழுதி வாங்கும் செயல்துறை நடுவர் அதிகாரத்தை 2013, 2014இல் இரண்டு அரசாணைகள் போட்டுக் காவல் துணை ஆணையர்கள் கையிலேயே கொடுத்திருந்தார்கள். பிடிப்பதும் போலீஸ், குற்றம் சாட்டுவதும் போலீஸ், உள்ளே அனுப்புவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. அது வரைக்கும் எத்தனை பையன்கள் நீதிபதி முகத்தையே பார்க்காமல் புழல் போய் வந்தார்கள் என்று எங்கள் பார் அசோசியேஷனில் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஏட்டுக்குக் காலக்கெடு இல்லாமல் இல்லை. காவல் நிலையாணைகளின்படி ஆண்டுதோறும் பரிசீலித்து, தொடர வேண்டிய காரணம் இருந்தால் மட்டுமே மேலதிகாரி உத்தரவோடு நீட்டிக்க வேண்டும். நடப்பதோ, பெயர் ஏறினால் இறங்குவதில்லை. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவன் வீட்டுக் கதவையும் ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டுவார்கள். “வக்கீலம்மா, எம் புள்ள பேர அந்த நோட்டுலேர்ந்து எடுக்கறதுக்கு வழியே இல்லியாம்மா?” இந்தக் கேள்வியோடுதான் என் ஆபீஸ் படியேறும் அம்மாக்களில் பாதிப் பேர் வருகிறார்கள். மணலியில் ஒப்பந்த வேலைக்குக்கூட போலீஸ் சான்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சான்று கிடைக்காத பையனுக்கு வேலை கொடுக்க ஒரே ஒரு ஆள்தான் தயாராக இருப்பான்: எந்தப் பெரிய ரவுடியிடமிருந்து அவனைக் காப்பாற்ற அந்த ஏடு இருப்பதாகச் சொல்கிறார்களோ, அவன்.

ரவுடி எண்ணிக்கை இப்படி வளர்கிறது என்றால், ஊரின் குற்ற விகிதம் எப்படி வருகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் லட்சம் பேருக்கு இத்தனை என்று போடும் பெருநகரக் கணக்குக்கு அடிப்படை, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை. அதற்குப் பிறகு திருவொற்றியூர் எர்ணாவூர் பக்கம் எத்தனை குடும்பங்கள் வந்தன என்று அதற்குத் தெரியாது. சென்னைக்கு ஒரே எண். பெசன்ட் நகருக்கும் காசிமேட்டுக்கும் தனித்தனியாக இல்லை. அதே அறிக்கையில் சுற்றுச்சூழல் குற்றங்களுக்கு ஒரு அத்தியாயம் உண்டு. தமிழ்நாட்டின் எண் அதில் பெரிதாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி புகையிலைச் சட்ட வழக்கு. பஸ் ஸ்டாண்டில் பீடி பிடித்தவர் கணக்கில் வந்துவிட்டார்.

யார் வரவில்லை? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரம், எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் போகும் அமோனியா குழாய் கசிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கு எண்ணெய் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது அப்போது. 2024 அக்டோபரில் திருவொற்றியூர் கிராமத் தெருப் பள்ளியில் பிள்ளைகள் வாயு நெடியில் மயங்கினார்கள். நவம்பரில் பள்ளியைத் திறந்த அன்றே மறுபடியும். 2025 செப்டம்பர் 30 எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்தார்கள், அதில் பெரும்பாலானவர்கள் அசாம்காரர்கள். எங்கள் ஊர்ப் பையனுக்குக் கிடைக்காத வேலையில், பாதுகாப்பே கேட்க முடியாத பையன்கள்.

இவற்றிலிருந்து ஜனங்களைக் காப்பதையும் பொதுப் பாதுகாப்பு என்று சொல்ல ஏன் யாருக்கும் நா வருவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. அமோனியா இரவில் ஜனங்கள் கூப்பிட்டது போலீஸைத்தான். எண்ணூர் அப்போது ஆவடி ஆணையரகத்தின் கீழ். கசிவு நின்றுவிட்டது, வீடு திரும்பலாம் என்று சொல்லவும் போலீஸ்தான் வந்தது. வேதிப்பொருள் ஆலைகளுக்கு 1989ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, போபாலுக்குப் பிறகு வந்தவை. விபத்து நடந்தால் என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று சுற்றி வாழ்பவர்களுக்கு ஆலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். சின்னக்குப்பத்து ஜனங்கள் அந்த ஒத்திகையைப் பார்த்திருந்தால், காற்று அடிக்கும் திசையிலா எதிர்த்திசையிலா ஓடுவது என்று அந்த ராத்திரி யோசித்து நின்றிருக்க மாட்டார்கள். ரவுடி வீட்டுக் கதவைத் தட்ட ராத்திரி ரோந்துக்கு ஆள் இருக்கிறது. இந்த ஒத்திகைக்கு நேரம் இல்லை.

சித்தி மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து நான் கடைசி ரயிலில்தான் வீடு திரும்புகிறேன். கூட நர்சுகள், துணிக்கடைப் பெண்கள் என்று பெட்டி நிறைய ஆட்கள். வெளிச்சமும் கூட்டமும் செய்த வேலையை எந்தத் துப்பாக்கியும் செய்யவில்லை. இறங்கிய பிறகு எனக்கு நெஞ்சு படபடப்பது எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது. துறைமுகம் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டியில் போகும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள்.

ஆணையரகங்கள் ஆண்டு முடியும்போது கொலை இத்தனை சதவீதம் குறைந்தது, குண்டர் சட்டத்தில் இத்தனை பேர் என்று பத்திரிகைக் குறிப்பு கொடுக்கின்றன. வரும் டிசம்பரில் அதே குறிப்பில், காவல் நிலையம் வாரியாக, இன்னும் சில எண்கள் சேரட்டும்: லாரி அடித்துச் செத்தவர்கள், வாயுக் கசிவில் ஆஸ்பத்திரி போனவர்கள், வேலைத்தளத்தில் விழுந்தவர்கள். கடைசியாக, ஆண்டுப் பரிசீலனையில் ரவுடி ஏட்டிலிருந்து எத்தனை பெயர்கள் நீக்கப்பட்டன என்பதும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் நிலையங்களுக்கு அந்தக் கடைசி எண் பூஜ்யம் என்றால், பூஜ்யம் என்றே அச்சிடட்டும்.