கலர் கலராய்ச் சுவர், கணக்கில் வராத செலவு

வேலைக்கோ படிப்புக்கோ மெக்ஸிகோ சிட்டியில் போய்த் தங்குகிறவர்கள் ஒரு மாதம் ஆனதும் செய்கிற முதல் காரியம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடிப்பது. சுமார் நாலு மணி நேரத்தில் சான் மிகேல் டெ அயெண்டே. ஞாயிறு ராத்திரி திரும்பும்போது கேமராவில் முந்நூறு படம் இருக்கும். கல் பாவிய தெரு, காவி நிறச் சுவர், பால்கனியில் பூந்தொட்டி, நடுவில் இளஞ்சிவப்பு தேவாலயம். கீழே ஒரு வரி: "அப்படியே காலனிய காலத்துக்குள்ள போன மாதிரி இருந்துச்சு... செம அழகு!"

அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் நிஜமாகவே அந்தக் காலத்துக்குள் போயிருந்தால், படம் எடுத்தவர் அந்தப் பால்கனியில் நின்றிருப்பாரா, இல்லை பக்கத்துச் சுரங்கத்தில் தாதுக்கல்லை முதுகில் சுமந்திருப்பாரா? 'இந்தியாவுக்கு ரயில் விட்டது வெள்ளைக்காரன்தானே' என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிற நம்மாட்கள்தான், அட்லாண்டிக் தாண்டியதும் காலனி என்ற சொல்லுக்கு இப்படி உருகுகிறார்கள்!

இத்தனைக்கும் எல்லோரும் படம் எடுக்கிற அந்த ஊசிக்கோபுர முகப்பு காலனிய காலத்துச் சரக்கே கிடையாது. தேவாலயம் பழையது, முகப்பைக் கட்டியவர் செஃபரினோ குட்டியெரஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார். காலம் 1880கள். ஸ்பெயின்காரர்கள் 1821-லேயே மூட்டை கட்டியாகிவிட்டது. உள்ளூர்க்காரர் உழைப்புக்கும் பெயர் காலனிக்குத்தான் போகிறது. நல்ல நியாயம்!

சரி, அங்கே ஊர் ஏன் வளர்ந்தது? 1546-இல் சகடேகாஸில் வெள்ளி கிடைத்தது. கொஞ்ச நாளில் குவானஹுவாட்டோவிலும் கிடைத்தது. வெள்ளி வண்டிகள் போன பாதை சிச்சிமெக்க மக்களின் நிலத்தில் இருந்தது. அவர்கள் சும்மா விடுவார்களா? 1550-இல் ஆரம்பித்த போர் சுமார் 40 வருஷம் நடந்தது. அந்தப் பாதைக்குக் காவலாக நின்ற ஊர்களில் ஒன்றுதான் சான் மிகேல். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோதும் 'பாதுகாப்பு நகரம்' என்றே எழுதினார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? நிலத்தின் சொந்தக்காரர்களிடமிருந்து!

கிடைத்த வெள்ளியில் ஆரம்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும். அந்த வியாபாரமும் ராஜாவின் ஏகபோகம். மிச்சத்தில் சுரங்க முதலாளிகள் மாளிகையும் தங்க முலாம் பூசிய பலிபீடங்களும் கட்டினார்கள். குவானஹுவாட்டோவில் வலென்சியானா சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 1788-ஆம் வருஷத்துத் தேவாலயத்தைப் பார்த்தால் தெரியும். வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு 'கம்பெனி சூப்பர்' என்று எழுதும் ஆடிட்டரை யாராவது நம்புவார்களா? வார இறுதிப் பயணி எழுதுவது அந்த மாதிரி ஆடிட் ரிப்போர்ட்தான்.

ஊர்ப் பெயரில் இருக்கும் அயெண்டே, சிலி நாட்டு அயெண்டே இல்லை. 1769-இல் இங்கே பிறந்த இக்னாசியோ அயெண்டே. 1810-இல் இடால்கோ பாதிரியாரோடு சேர்ந்து விடுதலைப் போரைத் தொடங்கியவர். 1811-இல் சுட்டுக் கொன்றார்கள். அவர் தலையையும் இன்னும் மூவர் தலையையும் குவானஹுவாட்டோ தானியக் கிடங்கின் நாலு மூலையிலும் கூண்டில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அங்கேயே தொங்கின. பத்து வருஷம்! அவர் பிறந்த வீடு இப்போது மியூசியம், அதே சதுக்கத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. முந்நூறு படத்தில் ஒன்றாவது அந்த வீட்டுக்குள் எடுத்ததா?

"பழைய கதை எதுக்குப்பா, டூரிஸ்ட் வந்தால் ஊருக்குக் காசு வருதே" என்பார்கள். வருகிறது, மறுக்க முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் அரசு உதவித்தொகையில் ஓவியம் படிக்க இங்கே வந்தார்கள். பின்னாலேயே ஓய்வு பெற்றவர்கள் வந்தார்கள். இன்று ஊர் நடுவில் வீட்டு விலை டாலரில் பேசப்படுகிறது. சமைப்பவருக்கும் பெருக்குபவருக்கும் சம்பளம் பெசோவில். வரும்படி டாலரில் இருப்பவரோடு வாடகையில் போட்டி போட இவர்களால் முடியுமா? ஊர் ஓரத்துக்குப் போய், காலையில் பஸ் ஏறி, தங்கள் ஊருக்கே வேலைக்கு வருகிறார்கள். இதே கோபத்தில்தான் 2025 ஜூலையில் மெக்ஸிகோ சிட்டியின் கொந்தெசா, ரோமா பகுதிகளில் ஊர்வலம் போனார்கள். கடைக் கண்ணாடியை உடைத்தது தப்பு. அதற்காக வாடகைக் கணக்கு பொய்யாகிவிடாது.

போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகப் போகட்டும். சனிக்கிழமை அயெண்டே வீட்டுக்குள் ஒரு மணி நேரம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குவானஹுவாட்டோ போய் அந்தக் கிடங்கின் மூலைகளை அண்ணாந்து பார்க்கட்டும். ஹோட்டலில் அறை துடைப்பவரிடம், வீடு எங்கே, வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கட்டும். அப்புறம் முந்நூறு படத்தையும் போடட்டும். 'காலனிய அழகு' என்று எழுதத்தான் கை கூசும்.